அறிவொளிச் சைக்கிளும் ஆறுவழிச் சாலையும்

1

போன ஆடி மாதம் அம்மா சென்னைக்கு வந்து என்னோடு மூன்று வாரம் இருந்தாள். நான் குடியிருப்பது பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி, சோழிங்கநல்லூருக்குப் பக்கத்தில். சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் அடுக்ககம், அந்தப் பக்கம் ஒரு கீரைக்கடை. நேர்கோட்டில் அளந்தால் அறுபது மீட்டர்கூட இருக்காது. வந்த இரண்டாம் நாள் காலையில் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அம்மா, அரை மணி நேரம் கழித்து வெறும் பையோடு திரும்பி வந்தாள்.

"தாண்ட முடியல தம்பி. கொஞ்ச நேரம் நின்னு பாத்தேன். எவனும் நிறுத்தல. நடுவுல வேற மெட்ரோவுக்குத் தகரம் அடிச்சு வச்சிருக்கான். திரும்பிட்டேன்."

சொல்லும்போது குரலில் கோபம் இல்லை. ஒருவித வெட்கம்தான் இருந்தது. அதுதான் எனக்கு உறுத்தியது. ஏனென்றால் என் அம்மா சாலைக்குப் பயந்தவள் இல்லை. 1992இல், இடுப்பில் இருக்கவேண்டிய என்னைச் சைக்கிளின் முன் பாரில் துண்டு சுற்றி உட்காரவைத்து, கேரியரில் ஒரு மூட்டையையும் கட்டி, எங்கள் ஊரிலிருந்து அன்னவாசலுக்கு எட்டு கிலோமீட்டர் மிதித்துப் போனவள் அவள். அதுவும் ஆண்கள் சைக்கிளில். புதுக்கோட்டை மாவட்டத்தில் அப்போது அது அவள் ஒருத்தி செய்த சாகசம் இல்லை. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதைச் செய்தார்கள்.

நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். பன்னிரண்டு வருடமாக இந்தச் சாலையில்தான் என் வேலை. நெரிசலில் சிக்கிய ஒரு நகரச் சாலையை எப்படிச் சீர்செய்வது என்று இங்கே எல்லோரிடமும் ஒரு யோசனை இருக்கிறது. இன்னொரு மேம்பாலம், இன்னொரு வழித்தடம், இன்னொரு சிக்னல். அம்மா வெறும் பையோடு திரும்பிய அன்று, சென்னைக்குத் தெற்கே ஏறத்தாழ நானூறு கிலோமீட்டர் தள்ளி, முப்பது வருடங்களுக்கு முன் நடந்த ஒன்றிலிருந்து இந்தக் கேள்வியைப் பார்க்கலாமா என்று தோன்றியது. அதன் விளைவு இந்தக் கட்டுரை.

2

புதுக்கோட்டை ஒரு தனி சமஸ்தானமாக இருந்த ஊர். தொண்டைமான்கள் ஆண்ட, சுமார் 1,180 சதுர மைல் பரப்புள்ள சிறிய நாடு. சுற்றிலும் பிரிட்டிஷ் இந்தியா, நடுவில் இது. 1948 மார்ச் 3 அன்று இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்தின் பகுதியாகி, 1974 ஜனவரி 14 அன்று தனி மாவட்டமானது.

ஊருக்குள் போனவர்களுக்குத் தெரியும், புதுக்கோட்டையின் தெருக்கள் பழைய தமிழ்நாட்டு ஊர்களின் தெருக்களைப்போல வளைந்து நெளிந்து ஓடுவதில்லை. கீழராஜ வீதி, மேலராஜ வீதி, வடக்குராஜ வீதி, தெற்குராஜ வீதி என்று அரண்மனையை நடுவில் வைத்துக் கட்டம் போட்டாற்போல நேராகப் போகும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெசிடென்டாக இருந்த பிளாக்பர்ன் காலத்தில் தொடங்கிய வேலை இது. பிறகு 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி தெருக்களை அகலப்படுத்தினார், குளங்களைச் சுத்தம் செய்தார், அலுவலகங்களைக் கட்டினார். 1894 வரை அவர் திவானாக இருந்தார். இன்றைய மொழியில் சொன்னால், அவர் ஒரு நகரத் திட்டமிடுநர்.

ஆனால் ரயில் இந்த ஊருக்குத் தாமதமாகத்தான் வந்தது. திருச்சியில் 1860களிலேயே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது. ஐம்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் புதுக்கோட்டைக்கு அது வந்து சேர்ந்தது 1929இல். அடுத்த வருடம் பாதை மானாமதுரை வரை நீண்டது. அதுவரைக்கும் இந்த நாட்டின் போக்குவரத்து மாட்டு வண்டியும், ஜட்காவும், பின்னாளில் மோட்டார் பஸ்ஸும், எல்லாக் காலத்திலும் கால்நடையும்தான். ரயில் வந்த பிறகும் கிராமத்து ஆட்களுக்கு நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை.

நல்ல தெரு போடுவது ஒன்று. அந்தத் தெருவில் யார் நடக்கலாம் என்பது வேறொன்று. 1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, மகாராஜா கல்லூரியில் சேர்ந்த முதல் பெண். திரை போட்ட வண்டியில் கல்லூரிக்குப் போனார், வகுப்பிலும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார் என்று சொல்வார்கள். சேஷையா சாஸ்திரி அகலப்படுத்திய வீதிகள் அப்போது இருந்தன. அந்த வீதியில் ஒரு பெண் முகம் தெரியப் போவதற்கான அனுமதி இல்லை. போக்குவரத்துப் பொறியியலில் இதற்கென்று ஒரு கலைச்சொல் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் அப்பத்தாவிடம் ஒரு சொல் இருந்தது. "பொம்பளைக்கு என்னடி ரோட்டுல வேலை?"

3

1988இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. 1990இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த உற்சாகம் தமிழ்நாட்டுக்கு அறிவொளி இயக்கமாக வந்தது. புதுக்கோட்டையில் அது 1991இல் தொடங்கியபோது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். ஆயிரக்கணக்கான தொண்டர்கள் மாலையில் மரத்தடியிலும் கோயில் திண்ணையிலும் அரிக்கேன் விளக்கு வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

சீக்கிரமே ஒரு நடைமுறைச் சிக்கல் வந்தது. தொண்டர்களில் பெண்கள் கணிசம். ஒரு கிராமத்திலிருந்து அடுத்த கிராமத்துக்கு அவர்கள் எப்படிப் போவது? பஸ் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதைத் தவறவிட்டால் அண்ணனோ கணவனோ கொண்டுபோய் விடவேண்டும். அந்த இடத்தில்தான் சைக்கிள் உள்ளே வந்தது. ஆட்சியர் அதை எழுத்தறிவின் ஒரு பகுதியாகவே சேர்த்தார். எழுதப் படிக்கத் தெரிவதைப்போலத் தானாக ஓரிடத்துக்குப் போகத் தெரிவதும் ஒரு படிப்பு என்பது அதன் பொருள். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் பொறுப்புகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கு ஏற்பாடு நடந்தது. முதலில் தொண்டர்கள் கற்றுக்கொண்டார்கள். அவர்களைப் பார்த்து மாணவிகளும், பிறகு புதிதாக எழுத்துக் கற்ற பெண்களும் கேட்டார்கள். அவர்களைப் பார்த்து ஊரே கேட்டது.

அம்மா சொல்வது இது: "சாயங்காலம் கம்மாக்கரைப் பொட்டல்ல பழகுவோம். ஒருத்தி சீட்டைப் புடிச்சுக்கிட்டு பின்னாடியே ஓடுவா. நான் மொத நாளே முள்ளுக்குள்ள விழுந்தேன். முட்டியெல்லாம் ரத்தம். வீட்ல சொல்லல. மாவாட்டும்போது வழுக்கிருச்சுன்னு சொன்னேன்."

லேடீஸ் சைக்கிள்களுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலருக்கு அதுதான் பிடித்தும் இருந்தது. காரணம் எளிது: முன்னால் இருக்கும் பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். சைக்கிள் வடிவமைத்தவர்கள் பெண்ணுக்கென்று யோசித்தது சேலை. இந்தப் பெண்கள் யோசித்தது பிள்ளை. பயன்படுத்துகிறவர்களைக் கேட்காமல் ஒரு பொருளை வடிவமைத்தால் என்ன ஆகும் என்பதற்கு என் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் உதாரணம் இது.

பேச்சும் வந்தது. சைக்கிளில் போகும் பெண்களைப் பார்த்துத் தெருமுனையில் அசிங்கமாகப் பேசினார்கள், நடத்தையைக் குறை சொன்னார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அந்தக் காலத்தில் புதுக்கோட்டையில் சுற்றி எழுதியதில் இவையெல்லாம் பதிவாகியிருக்கின்றன. ஆனால் பேச்சு நெடுநாள் நிற்கவில்லை. ஏனென்றால் ஓட்டியது நான்கு பேர் இல்லை. 1992 மார்ச் 8, மகளிர் நாளில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகரத்தில் சைக்கிள் ஊர்வலம் போனார்கள். ஹேண்டில் பாரில் கொடி, மணிச் சத்தம். திரை போட்ட வண்டி போன அதே ஊர். மாவட்டத்தின் கிராமப் பெண்களில், சிறுமிகளை விட்டுவிட்டுப் பார்த்தால், நான்கில் ஒருவருக்கு மேல் சைக்கிள் கற்றிருந்தார்கள் என்பது சாய்நாத்தின் கணக்கு. 1992 ஆகஸ்ட் 11 அன்று மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது.

சாய்நாத்தின் அந்தக் கட்டுரை இந்தியில் மொழிபெயர்க்கப்பட்டு, எட்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலில் பாடமாக வந்தது. என் டில்லி நண்பன் ஒருவன், நான் புதுக்கோட்டைக்காரன் என்றதும், "அட, அந்த சைக்கிள் ஊரா?" என்றான். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு அது தெரியாது.

4

இதை நாம் வழக்கமாகப் பெண் விடுதலையின் கதையாகச் சொல்கிறோம். அது சரிதான். ஆனால் இது ஒரு போக்குவரத்துத் திட்டமும்கூட. அப்படிப் பார்த்தால் சில விஷயங்கள் துலங்கும்.

முதலாவது, புதிதாக ஒரு சாலைகூடப் போடவில்லை. இருந்த சாலை, இருந்த மண்பாதை, இருந்த கம்மாக்கரை. அதில் அதுவரை போகாதவர்கள் போக ஆரம்பித்தார்கள். சாலையின் கொள்ளளவு கூடவில்லை. சாலையால் பயன்பெறுகிறவர்களின் எண்ணிக்கை கூடியது.

இரண்டாவது, அந்தப் பெண்கள் போன பயணங்கள். ஒரு ஆண் காலையில் வேலைக்குப் போவான், மாலையில் திரும்புவான். ஒரே கோடு. அம்மாவின் ஒரு நாள் அப்படி இல்லை. காலையில் குடத்தைக் கட்டிக்கொண்டு தண்ணீர், பிறகு என்னைப் பால்வாடியில் விடுவது, அங்கிருந்து வயல், வரும் வழியில் ரேஷன் கடை, சாயங்காலம் காய்கறியோ வேர்க்கடலையோ பக்கத்து ஊரில் விற்பது. ஐந்து சிறு துண்டுகள் கோத்த ஒரு சங்கிலி. பஸ் இந்தச் சங்கிலிக்கு உதவாது. ஒவ்வொரு துண்டுக்கும் நின்று காத்திருக்க முடியாது. சைக்கிள் உதவும். புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிளால் மிச்சம் பிடித்தது முக்கியமாகக் காத்திருக்கும் நேரத்தை. அந்த நேரம் விற்பனையாகவும் வருமானமாகவும் ஓய்வாகவும் மாறியது.

மூன்றாவது, அது ஒற்றை ஆளின் வீரத்தை நம்பவில்லை. பயிற்சி, கடன், வட்டாரப் பொறுப்பு, பாட்டு, ஊர்வலம் எல்லாம் ஒரே சமயத்தில் வந்தன. தனியாக ஒருத்தி ஓட்டினால் கேலி. ஊரில் முப்பது பேர் ஓட்டினால் அது வழக்கம்.

இதன் நீட்சியையும் பார்க்கலாம். தமிழ்நாடு அரசு 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்து, பின்னர் அதை அரசுப் பள்ளி, உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கும் விரிவாக்கியது. பீகார் 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்குத் தொடங்கியது. பீகார் திட்டத்தை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும், அதனால் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் ஏறத்தாழ 32 சதவீதம் கூடியதாகக் கண்டார்கள். பள்ளி தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். தூரத்தைக் குறைக்கப் புதுப் பள்ளி கட்டவில்லை, புதுச் சாலையும் போடவில்லை. இரண்டு சக்கரம் கொடுத்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சைக்கிளைப் புனிதமாக்கவில்லை. அம்மா 2000களின் நடுவில் மொபெட்டுக்கு மாறினாள், பிறகு ஸ்கூட்டிக்கு. இன்று புதுக்கோட்டையில் காலை எட்டரை மணிக்கு நின்று பார்த்தால் ஸ்கூட்டியில் போகும் ஆசிரியைகளும் செவிலியர்களும் வரிசையாகப் போவார்கள். "எட்டு கிலோமீட்டர் எதிர்காத்துல மிதிச்சுப் பாரு, அப்பறம் எழுது" என்றாள் அம்மா, இந்தக் கட்டுரையின் முதல் வரைவை நான் படித்துக் காட்டியபோது. நியாயம். 1992இன் பாடம் சைக்கிள் என்ற பொருளில் இல்லை. யார் எங்கே போகவேண்டியிருக்கிறது, எது அவர்களைத் தடுக்கிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கியதில் இருக்கிறது.

5

இப்போது என் சாலைக்கு வருகிறேன்.

2000ஆம் ஆண்டு தரமணியில் டைடல் பூங்கா திறந்தது. அதற்குத் தெற்கே மாமல்லபுரம் வரை போகும் பழைய சாலை அதுவரை மீன்பிடி ஊர்களையும் ஏரிகளையும் சதுப்பு நிலத்தையும் தொட்டுப்போன சாதாரணச் சாலை. பத்தே வருடத்தில் அது கணினித் துறையின் முதுகெலும்பானது. மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை 20 கிலோமீட்டர் ஆறு வழிச் சாலையாக அகலப்படுத்தப்பட்டு 2008இல் திறந்தது; பெயர் ராஜீவ் காந்தி சாலை. சுங்கம் வைத்தார்கள். 2021 ஆகஸ்ட் கடைசியில் நான்கு சுங்கச் சாவடிகளில் வசூலை நிறுத்தினார்கள். ஆறு வழி போட்டும் நெரிசல் போகவில்லை, சுங்கம் எடுத்தும் போகவில்லை.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. 1962லேயே ஆன்டனி டவுன்ஸ் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எழுதினார்: நகர விரைவுச்சாலைகளில் உச்ச நேர நெரிசல், சாலையின் முழுக் கொள்ளளவையும் எட்டும்வரை உயர்ந்துகொண்டே போகும். 2011இல் ஜில் டுராந்தனும் மேத்யூ டர்னரும் அமெரிக்க நகரங்களின் தரவை வைத்து அதை உறுதிசெய்தார்கள். சாலை நீளம் எத்தனை விழுக்காடு கூடுகிறதோ, வண்டிகள் ஓடும் தூரமும் ஏறத்தாழ அத்தனை விழுக்காடு கூடுகிறது. டெக்சாஸின் ஹூஸ்டனில் கேட்டி விரைவுச்சாலையைப் பக்கச் சாலைகளையும் சேர்த்து இருபதுக்கும் மேற்பட்ட வழித்தடங்களாக 2008இல் அகலப்படுத்தினார்கள். சில வருடங்களில் பயண நேரம் முன்பைவிடக் கூடிவிட்டது.

என் தொழிலில் இதை வேறு விதமாகத் தெரிந்துவைத்திருக்கிறோம். ஒரு சர்வர் பாதித் திறனில் ஓடும்போது ஒரு வேலை முடிய ஆகும் நேரம், காலியாக இருக்கும்போது ஆவதைப்போல இரண்டு மடங்கு. தொண்ணூறு சதவீதத்தில் பத்து மடங்கு. தொண்ணூற்றைந்தில் இருபது மடங்கு. வரிசைக் கோட்பாட்டின் எளிய சூத்திரம் தரும் கணக்கு இது. முழுத் திறனுக்குப் பக்கத்தில் ஓடும் எதுவும், ஒரு சின்ன உதறலுக்கே நின்றுவிடும். சாலையில் ஒரு வேன் பழுதாகி நிற்பதும் அப்படித்தான். இந்த நிலையில் தீர்வு ஒவ்வொரு பயணமும் எடுத்துக்கொள்ளும் இடத்தைக் குறைப்பது.

அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் சங்கமான நாக்டோ தரும் கணக்கு ஒன்று உண்டு. மூன்று மீட்டர் அகலமுள்ள ஒரு தடத்தில், கார்கள் முதன்மையாக ஓடினால், ஒரு மணி நேரத்தில் 600 முதல் 1,600 பேர் போகலாம். அதே அகலத்தைப் பஸ்ஸுக்கென்று ஒதுக்கினால் 4,000 முதல் 8,000 பேர். தடுப்புள்ள சைக்கிள் தடமானால் 7,500 பேர். நடைபாதையானால் 9,000 பேர். அதாவது ஆறு வழிச் சாலையில் ஒரு வழியை எடுத்துக் கொடுப்பது சாலையைச் சுருக்குவது இல்லை. ஆட்களை எண்ணினால் அது சாலையை அகலப்படுத்துவது. வண்டிகளை எண்ணினால்தான் சுருங்கியதுபோலத் தெரியும்.

சென்னைக்கு இது தெரியாமலும் இல்லை. 2008இல் நடந்த விரிவான போக்குவரத்து ஆய்வில், நகரத்தின் பயணங்களில் மூன்றில் ஒரு பங்கு நடையும் சைக்கிளும் என்று வந்தது. 2014இல் சென்னை மாநகராட்சி மோட்டாரில்லாப் போக்குவரத்துக் கொள்கை ஒன்றை ஏற்று, போக்குவரத்துச் செலவில் குறைந்தது 60 சதவீதத்தை நடைக்கும் சைக்கிளுக்கும் ஒதுக்கவேண்டும் என்றது. 2019இல் பாண்டி பஜாரில் அகன்ற நடைபாதை வந்தது. பஸ், ரயில், மெட்ரோ எல்லாவற்றையும் ஒருங்கிணைக்க கும்டா என்ற ஆணையத்துக்கான சட்டம் 2010இல் நிறைவேறியது. அமலுக்கு வந்தது 2019இல். ஒரு மாவட்டமே எழுதப் படிக்கவும் சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொள்ள ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை. ஒரு சட்டம் அமலுக்கு வர ஒன்பது வருடம்.

இப்போது மெட்ரோவின் இரண்டாம் கட்டம் நடக்கிறது. மொத்தம் 118.9 கிலோமீட்டர், 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது மதிப்பீடு 63,246 கோடி ரூபாய். அதில் மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மூன்றாம் வழித்தடம்தான் எங்கள் சாலையின் நடுவே தூண்களாக நிற்கிறது. நல்லது, அவசியமானது. ஆனால் மெட்ரோ ஒரு கோடு. சங்கிலியின் மற்ற துண்டுகள்? நிலையத்திலிருந்து இறங்கி உள்ளே ஒன்றரை கிலோமீட்டர் போகவேண்டியவர், குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகவேண்டியவர், எதிர்ப்பக்கம் கீரை வாங்கவேண்டியவர் என்ன செய்வார்?

6

நான் ஒருமுறை முயன்று பார்த்திருக்கிறேன். ஆறேழு வருடத்துக்கு முன் ஒரு நல்ல கியர் சைக்கிள் வாங்கி, ஹெல்மெட், ஒளிரும் மேல்சட்டை எல்லாம் மாட்டிக்கொண்டு அலுவலகத்துக்கு ஏழு கிலோமீட்டர் ஓட்டினேன். மூன்று வாரம் ஓடியது. நான்காவது வாரம் ஊழியர்களை ஏற்றிப்போகும் ஒரு வேன் இடதுபக்கம் ஒடித்து என்னைச் சாக்கடை மூடியின் மேல் தள்ளிவிட்டுப் போனது. முழங்கையில் நான்கு தையல். சைக்கிள் இப்போது பால்கனியில் துணி காயப்போட உதவுகிறது. அம்மா அதைப் பார்த்துவிட்டு, "எத்தனை ரூபா?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் 1992இல் கடன் போட்டு வாங்கியது, அதை இரண்டு வருடம் அடைத்தது எல்லாவற்றையும் நினைத்துக்கொண்டாள் போல. ஒன்றும் சொல்லவில்லை.

எனக்கு அது விட்டுவிடக்கூடிய பழக்கம். எல்லோருக்கும் அப்படி இல்லை. 2000ஆம் ஆண்டிலிருந்து சென்னையின் ஆற்றங்கரைகளிலும் குடிசைப் பகுதிகளிலும் இருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இந்தச் சாலையை ஒட்டிய கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பகுதிகளுக்குக் குடியமர்த்தப்பட்டன. இங்கிருக்கும் கண்ணாடிக் கட்டடங்களைத் துடைப்பவர்களும், வாசலில் நிற்பவர்களும், வீடுகளில் சமைப்பவர்களும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறார்கள். விடிகாலை ஐந்தரைக்கு எழுந்து பார்த்தால் சாலையின் இடது ஓரத்தில் விளக்கில்லாத பழைய சைக்கிள்கள் போவது தெரியும். எட்டு மணிக்கு அவர்கள் இல்லை. திட்டம் போடுகிறவர்கள் சாலையைப் பார்க்க வருவது எட்டு மணிக்கு மேல்.

எங்கள் அடுக்ககத்தில் வேலைசெய்ய செம்மஞ்சேரியிலிருந்து ஒரு அக்கா வருவார். ஒரு நாள் அம்மா அவரிடம், "எப்படிம்மா வர்றே?" என்று கேட்டாள்.

"பிங்க் பஸ்ஸுலம்மா. காசில்லாதது. அது வர்ற வரைக்கும் நிப்பேன். சில நாள் அரை மணி, முக்கா மணி ஆயிரும்."

2021 மே 8இலிருந்து தமிழ்நாட்டில் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்த அக்காவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய்க்குக் கிட்ட மிச்சம். பெரிய விஷயம். ஆனால் அந்த பஸ்ஸும் என் காரும் ஒரே நெரிசலில்தான் நிற்கின்றன. பஸ்ஸுக்குத் தனித் தடம் இல்லாதவரை அவருக்கு மிச்சமாவது காசு, நேரமில்லை.

"சைக்கிள் ஓட்டத் தெரியாதா?" அம்மா விடவில்லை.

"தெரியும்மா. பள்ளிக்கூடத்துல குடுத்தாங்களே. எம் பொண்ணுக்கும் குடுத்திருக்காங்க. வீட்டுலதான் நிக்குது. இந்த ரோட்டுல யாரு ஓட்டுவா?"

அன்றைக்குத்தான் எனக்குக் கணக்கு நேரானது. 1991இல் புதுக்கோட்டையில் சாலை இருந்தது. சைக்கிள் ஓட்டும் பெண்கள் இல்லை. இன்று இங்கே ஓட்டத் தெரிந்த பெண்கள் இருக்கிறார்கள், அரசே கொடுத்த சைக்கிள் வீட்டில் நிற்கிறது; சாலை இல்லை. ஆறு வழி இருக்கிறது, அவர்களுக்கான வழி இல்லை. அப்பத்தா வாயால் சொன்னதை இந்தச் சாலை கான்கிரீட்டால் சொல்கிறது.

என்ன செய்யலாம் என்பது ரகசியமில்லை. சென்னையிலிருந்து சிறுசேரி வரை உடையாத நடைபாதை. ஒவ்வொரு அரைக் கிலோமீட்டருக்கும், வயதானவர் நிதானமாக நடந்து முடிக்கும் அளவுக்குப் பச்சை எரியும் தரைமட்டக் கடவை. முப்பது மீட்டர் அகலத்தை என் அம்மா கடக்க நாற்பது விநாடி வேண்டும், படியேறும் நடைமேம்பாலம் அவள் முழங்காலுக்கு ஆகாது. பஸ்ஸுக்கென்று ஒரு தடம். குடியமர்வுப் பகுதிகளையும் மெட்ரோ நிலையங்களையும் இணைக்கும் உட்தெருக்களில் தடுப்புள்ள சைக்கிள் பாதை. நிலையத்தில் சைக்கிளைப் பூட்டிவைக்க நிழலான இடம். காரை இலவசமாக நிறுத்த முடியாத நிலை. கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1998க்கும் 2000க்கும் இடையில், மேயர் என்ரிக்கே பெனலோசா காலத்தில், முந்நூறு கிலோமீட்டர் அளவுக்குச் சைக்கிள் பாதை போட்டது, தனித் தடத்தில் ஓடும் டிரான்ஸ்மிலேனியோ பஸ்ஸையும் தொடங்கியது. அது பணக்கார ஊரும் இல்லை.

"வெயில்ல யார் மிதிப்பா?" என்று கேட்பார்கள். புதுக்கோட்டை வெயில் சென்னையைவிடக் குறைவு இல்லை. "கார்க்காரர்கள் சத்தம் போடுவார்கள்" என்பார்கள். 1991இலும் தெருமுனையில் சத்தம் போட்டவர்கள் இருந்தார்கள். அன்றைக்கு வித்தியாசம், மாவட்டத்தின் உச்சியில் இருந்த அதிகாரி முதல் கம்மாக்கரையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிய பெண் வரை அத்தனை பேரும் அதைத் தங்கள் வேலையாக எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா கீரை வாங்கி வந்துவிட்டாள். எப்படிப் போனாய் என்று கேட்டேன். அந்த அக்கா கையைப் பிடித்துக் கூட்டிப்போனாராம். தகரத்தடுப்பில் ஓரிடத்தில் ஆள் புகுமளவுக்கு ஒரு இடைவெளி இருக்கிறதாம், வேலைக்கு வரும் பெண்கள் எல்லோரும் அதன் வழியாகத்தான் போகிறார்களாம்.

"ஓடணும் தம்பி. ரெண்டு பேரும் கையைப் புடிச்சுக்கிட்டு ஓடினோம்" என்றாள். அவளுக்கு வயது அறுபத்து மூன்று. அரைக்கீரை ஒரு கட்டு இருபது ரூபாய்.